இரண்டு சீட்டும் என் கையில் இருந்தன

போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்க ராமநாதபுரத்தில் ஒரு மெடிக்கலுக்குப் போனேன். கவுண்டரில் நின்றது, மெடிக்கலில் வேலை பார்க்கிற உங்களைப் போல ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். எனக்கு முன்னால் நின்ற அம்மா செல்போனை நீட்டினார். அதில் ஒரு டாக்டர் சீட்டின் படம். அந்தப் பெண் அதைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. பிரிட்ஜைத் திறந்தாள், உடம்பைக் குறைக்கிற பேனா ஊசியை எடுத்தாள், ஐஸ் பை வைத்துக் கட்டிக் கொடுத்தாள். "அடுத்து யாரு?" என்றாள்.

அடுத்தது நான். மாத்திரைப் பெயர் வாயில் வரவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இன்னும் ஆறவில்லை. அவள் மேல் கோபம் இல்லை என்றால் பொய். அவள் மேலும்தான், அவளை அங்கே நிறுத்தியவர்கள் மேலும்தான். என் மேல் அதைவிட அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முப்பத்தொரு வருடம் கீழக்கரைப் பக்கம் ஒரு மெடிக்கலில் கவுண்டரில் நின்றேன். போன வருடம்தான் விட்டேன். இங்கிலீஷ் எழுத்தை நான் படித்ததே மாத்திரை அட்டையைப் பார்த்துத்தான். மருந்தை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் பார்மசிஸ்ட், அதுதான் சட்டம். எங்கள் பார்மசிஸ்ட் பிள்ளை பரமக்குடியிலிருந்து பஸ் மாறி வந்து சேர பதினொரு மணி ஆகும். சாயந்தரம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மணிக்கே பையைத் தூக்கும். மற்ற நேரமெல்லாம் நம்மைப் போன்றவர்கள்தான். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். வெளியே சொல்ல மாட்டீர்கள். நானும் சொன்னதில்லை.

நான் பிறவியிலேயே பயந்தவள். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், பிரிட்ஜ் கதவைச் சரியாகச் சாத்தினேனா என்று திரும்பி வருவேன். கரண்ட் போனால் எத்தனை மணிக்குப் போனது என்று உள்ளங்கையில் எழுதி வைப்பேன். சின்னப் பிள்ளை சிரப் என்றால் எத்தனை மில்லி என்று மூன்று தடவை சொல்லி, அவர்களையும் திருப்பிச் சொல்ல வைப்பேன். முதலாளிக்கு இதெல்லாம் வேடிக்கை.

"பஞ்சவர்ணம், நீ வித்த மருந்தைவிட விட்ட பெருமூச்சு ஜாஸ்தி. கரண்ட் போனா பிரிட்ஜுக்குப் பக்கத்துல உக்காந்து விசிறி விடுவ போலயே" என்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்த ஊசி எங்கள் ஊருக்கு முதலில் கடை வழியாக வரவில்லை. துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் லீவில் வந்தவர்கள் பேரீச்சம்பழப் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். வாரத்துக்கு ஒன்று, வயிற்றில் குத்திக்கொண்டால் பசி எடுக்காது, உடம்பு இறங்கும் என்றார்கள். பிறகு அது நம் கடை பிரிட்ஜுக்கே வந்தது.

நல்லதும் சொல்ல வேண்டும். சர்க்கரை முற்றி நடக்க முடியாமல் இருந்த ஒரு ஆட்டோக்காரர், பெரிய டாக்டர் எழுதி, மாதாமாதம் ரத்தம் பார்த்து, அந்த ஊசியால் எழுந்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஊசி விஷம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது பவுடர் டப்பா இல்லை. வாந்தி வரும், மலம் கட்டும். சிலருக்குப் பித்தப்பையில் கல் சேரும், கணையம் வீங்கும். கொழுப்போடு சேர்ந்து சதையும் கரையும். சர்க்கரைக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதையும் போட்டால் சர்க்கரை விழுந்து மயங்குவார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பி வரும். பார்மசிஸ்ட் பிள்ளை பெட்டிக்குள் இருந்த காகிதத்தை விரித்து ஒருநாள் இதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டியது. கடைசியாக இன்னொன்றும் வாசித்தது. பிள்ளை உண்டாகப் போகிறவர்கள் இரண்டு மாதம் முன்பே இதை நிறுத்திவிட வேண்டும்.

எனக்கு அது தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

சபீனா எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. புருசன் குவைத்தில். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவார். அந்தப் பக்கத்து வழக்கப்படி அவள் தாய் வீட்டில்தான் இருந்தாள். மாப்பிள்ளை அங்கே வந்து தங்குவார். ஒன்பது வருடம் என்று ஊர் சொல்லும். கூட்டிப் பார்த்தால் அவர்கள் சேர்ந்து இருந்தது ஒரு வருடம்கூட இருக்காது. அது யார் கணக்கிலும் வராது. ஒவ்வொரு லீவு முடிந்ததும் பிளேன் ஏறிய மறுமாதமே புருசன் வீட்டிலிருந்து விசாரிப்பு வந்துவிடும்.

அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. மாதவிலக்கு ஒழுங்காக வராது. ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, "எடையைக் குறைச்சாத்தான் கரு நிக்கும்" என்று சொல்லி, ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிள்ளைக்குத் தயாராகிறவர்களுக்கு எழுதுகிற மாத்திரை அது. எப்படிக் குறைப்பது என்று டாக்டரம்மா விவரமாகச் சொல்லவில்லை. வாசலில் அறுபது பேர் காத்திருந்தார்களாம். இவள் செல்போனில் பார்க்கிற வேறொரு டாக்டரைப் பிடித்தாள். அவர் இவளை நேரில் பார்க்கவே இல்லை. உயரம் கேட்டார், எடை கேட்டார், ஊசி எழுதிவிட்டார். எதற்கு எடை குறைக்கிறாய் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவள் கடைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கையில் டாக்டரம்மாவின் காகிதம். இன்னொரு கையில் செல்போன்.

"அக்கா, இது ரெண்டும் வேணும். இன்னும் அஞ்சு மாசத்துல மச்சான் வாராக" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

இரண்டையும் நான்தான் வாங்கிப் பார்த்தேன். ஒன்று பிள்ளை வேண்டும் என்பதற்கான மாத்திரை. இன்னொன்று பிள்ளைக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டிய ஊசி. டாக்டரம்மாவுக்கு ஊசி தெரியாது. செல்போன் டாக்டருக்குப் பிள்ளை தெரியாது. இரண்டும் சேர்ந்து தெரிந்த ஒரே ஆள், எட்டாவது படித்த நான்.

எனக்கு உறுத்தியது. "சபீனா, நீ பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தேன். பின்னால் மூன்று ஆண்கள் நின்றார்கள். முதலாளி கல்லாவிலிருந்து கத்தினார்.

"பஞ்சவர்ணம், இங்கன ஆளுக நிக்குது, அங்கன என்ன குடும்பக் கதை? சீட்டு இருக்குல்ல, குடுத்து அனுப்பு."

நான் வாயை மூடினேன். மூடிவிட்டு வேறு ஒரு கேள்வி கேட்டேன்.

"வீட்ல பிரிட்ஜ் நல்லா ஓடுதாம்மா? பிரீசர்ல வச்சிடாத. உறைஞ்சா கெட்டுப்போகும்."

"புது பிரிட்ஜுக்கா, ஓடும்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மருந்து கெட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவலை எனக்கு. அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால் எவ்வளவு கவனமான பொம்பளை என்று நீங்கள்கூடச் சொல்லியிருப்பீர்கள்.

ஐந்து மாதத்தில் அவளுக்குப் பதினொரு கிலோ இறங்கியது. மாப்பிள்ளை வந்தார். தேவிபட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு இருவரும் போய்வரும்போது கடையில் இறங்கி எனக்கு லட்டு கொடுத்துவிட்டுப் போனாள். ஊசியை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் லீவு முடிவதற்குள் எடை ஏறிவிடும் என்று பயம். வாராவாரம் போட்டாள். வாங்க வந்தபோதெல்லாம் நானும் எடுத்துக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை திரும்பிப் போன வாரம், அந்தச் செல்போன் டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டினார். அடுத்த நான்கு நாளில் சபீனா கடைக்கு வந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"அக்கா, குமட்டிக்கிட்டே இருக்கு. தண்ணி குடிச்சாக்கூட வெளிய வந்துடுது."

"டோஸ் கூட்டுனா அப்படித்தான்மா இருக்கும். ரெண்டு வாரத்துல பழகிடும்" என்றேன்.

இதைச் சொன்னது நான். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. வாந்தி மாத்திரை ஒரு அட்டை, உப்புச் சர்க்கரைக் கரைசல் நான்கு பாக்கெட் எடுத்துக் கொடுத்தேன். முதலாளிக்கு அன்று சந்தோசம்: "இப்பத்தான் உனக்கு வியாபாரமே வருது."

பிள்ளைக்காக ஒன்பது வருடம் காத்திருந்தவள். எந்த வீட்டிலும் மருமகள் ஒரு தடவை குமட்டினால் நாள் தள்ளியிருக்கா என்று நாலு பேர் கேட்பார்கள். அவள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஊசிக்கு அப்படித்தான் இருக்கும் என்று மெடிக்கல் அக்கா சொல்லிவிட்டாளே. என் பேச்சை நம்பி அவள் இன்னும் இரண்டு ஊசி போட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை, கடை திறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவளுடைய உம்மா தலையில் போட்ட துணி நழுவுவதுகூடத் தெரியாமல் ஓடிவந்தார்.

"பஞ்சு, புள்ள எந்திரிக்க மாட்டேங்குது. கண்ணு சொருகுது. வீட்ல வந்து ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திவிட ஆள் அனுப்பும்மா."

முதலாளிக்கு இது புதிது இல்லை. ஊசி போடத் தெரிந்த ஒரு ஆள் இருந்தார். கூப்பிட்டால் வீட்டுக்குப் போய் பாட்டில் ஏற்றிவிட்டு வருவார். முதலாளி போனை எடுத்தார். "ஒரு பாட்டில் ஏறினா தெளிஞ்சிடுவா. பயப்படாதீங்க" என்றார்.

நான் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். முப்பது வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

"ஆளும் வேணாம், பாட்டிலும் வேணாம். நான் போறேன்."

"ஏத்தா, நீ என்ன டாக்டரா? கவுண்டர யாரு பாக்குறது?"

"நீங்க பாருங்க."

உம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். சபீனா கூடத்தில் பாயில் சுருண்டு கிடந்தாள். சிறுநீர் போய் எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டேன். நேற்று மதியம் என்றாள். குமட்டுகிறது என்று அவள் வந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போது கேட்டேன்.

"சபீனா, கடைசியா உனக்குத் தொழுகை இல்லாத நாள் எப்ப?"

மாதவிலக்கு நாட்களில் முஸ்லிம் பெண்கள் தொழுவதில்லை. அதனால் ஆண்கள் பக்கத்தில் நின்றால்கூடப் பெண்கள் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள். முப்பது வருடம் அந்த ஊரில் நின்றவளுக்கு இது தெரியாதா? அன்றைக்குக் கவுண்டரில் ஆண்கள் நின்றார்கள், அதனால் கேட்கவில்லை என்பதெல்லாம் சாக்கு.

அவள் விரலை மடக்கினாள். நிறுத்தினாள். மறுபடியும் மடக்கினாள்.

"மச்சான் வர்றதுக்கு முந்தின வாரம்க்கா. எனக்கு எப்பவுமே தள்ளித்தானே போகும்..." என்றவள், பாதியில் நிறுத்தி விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோசம். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. உதடு வெடித்துக் கிடந்த அந்த முகத்தில் ஒரு நொடி அப்படி ஒரு வெளிச்சம். அப்புறம்தான் அவள் கண் கூடத்து மூலையில் இருந்த பிரிட்ஜுக்குப் போனது.

"அக்கா, ஊசி?"

பிரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதே ஆட்டோவில் ராமநாதபுரம் கொண்டுபோனோம். டாக்டரம்மா சோதித்தார், ஸ்கேனும் எடுத்தார். கர்ப்பம்தான். உடம்பில் தண்ணீரே இல்லை, உப்புச் சத்தெல்லாம் இறங்கிவிட்டது, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கணும் என்றார். இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்து வெறும் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தால் பெரிய ஆபத்தாகியிருக்கும் என்றார். நான் பையிலிருந்து ஊசியை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இதை யாரு குடுத்தது?"

"நான்தான்மா. சீட்டு இருந்துச்சு."

"அவ பிள்ளைக்கு மருந்து சாப்பிடுறது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா. உங்க சீட்டுக்கும் நான்தான் குடுத்தேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "எப்படிக் குறைக்கப் போறன்னு நானும் கேக்கல" என்றார். அவ்வளவுதான்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே என்று உம்மா கேட்டார். "தெரியாதும்மா. ஊசி போட்டும் நல்லாப் பிறந்த பிள்ளை இருக்கு. உறுதியாச் சொல்ற அளவுக்கு யாருக்கும் தெரியாது. அதனாலதான் நிறுத்தச் சொல்றது" என்றார்.

அன்றைக்குச் சபீனா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மச்சானுக்குச் சொல்லட்டாக்கா, வேணாமா?"

ஒன்பது வருடம் அவர் காத்திருந்த செய்தி. கொஞ்சம் பொறு என்றேன். அடுத்த ஸ்கேன் வரை பொறுத்தாள்.

அடுத்த ஸ்கேனில் துடிப்பு இல்லை.

ஊசியாலா என்று நான் டாக்டரம்மாவிடம் தனியாகப் போய்க் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒரு ஊசியும் போடாதவர்களுக்கும் இப்படி ஆகிறது என்றார். எனக்கு அது ஆறுதல் இல்லை. நான்தான் காரணம் என்றால் அழுது தீர்ப்பேன். நான் இல்லை என்றால் தூங்குவேன். அவர் பதில் என்னை இரண்டும் இல்லாமல் விட்டுவிட்டது. முதலாளிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. "சீட்டு இருக்கு, பில்லு இருக்கு. நம்ம மேல என்ன தப்பு?" என்றார். சீட்டு இருந்தது சாமி. ஒன்று இல்லை, இரண்டு இருந்தது.

அதற்குப் பிறகு நான் அந்த ஊசி கேட்டு வருகிற ஒவ்வொருவரையும் கேட்க ஆரம்பித்தேன். நேரில் பார்த்த டாக்டர் யார்? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? பிள்ளைக்கு நினைக்கிறாயா? ஆபரேசன் எதுவும் இருக்கிறதா? ஊசி போட்டால் சாப்பாடு வயிற்றிலேயே தங்கும், மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிட்டாயா? பதில் சரியில்லை என்றால் பார்மசிஸ்ட் பிள்ளை வரும்வரை உட்கார வைத்தேன். கமுதியிலிருந்து வந்த ஒருவர், "மொளகா மூட்டைய எடை போட்டு வித்துட்டு வந்தா, இங்க நம்மள எடை போடுறாங்கப்பா" என்று சத்தம் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார். அங்கே கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள். அந்த அடுத்த கடையில் நிற்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எட்டு மாதம் கழித்துச் சபீனா மறுபடி வந்தாள். நடுவில் கடைப்பக்கமே வரவில்லை. உடம்பு பழையபடி ஏறியிருந்தது. எனக்கு அவளைப் பார்க்கவே பயம். அவள் பையிலிருந்து இரண்டு சீட்டை எடுத்துக் கண்ணாடி மேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று ஃபோலிக் ஆசிட். இன்னொன்று அதே ஊசி. இந்தத் தடவை இரண்டிலும் டாக்டரம்மாவின் கையெழுத்து.

"இந்தத் தடவ கேளுங்கக்கா" என்றாள்.

பின்னால் நான்கு பேர் நின்றார்கள். முதலாளி தொண்டையைச் செருமினார். நான் கேட்டேன்.

"மச்சான் எப்ப வாராரு?"

"அடுத்த வருசம் நோன்புப் பெருநாளைக்கு."

"ஊசி எப்ப நிப்பாட்டணும்?"

"அதுக்கு மூணு மாசம் முந்தியே. டாக்டரம்மா காலண்டர்ல வட்டம் போட்டுக் குடுத்திருக்காங்க."

"நிப்பாட்டுனா எடை ஏறும். ஏறினா?"

"ஏறுனா ஏறட்டும். இப்பவே நடக்க ஆரம்பிச்சுட்டேன்."

"குமட்டல் வந்து தண்ணிகூட நிக்கலைன்னா என்ன செய்வ?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"உங்ககிட்ட வர மாட்டேன்க்கா. நேரா டாக்டரம்மாகிட்ட போவேன்."

சரியான பதில். நான் பிரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் கேட்டு முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் தடவை அவள் வந்த அன்று நான் மிச்சம் பிடித்தது அந்த இரண்டு நிமிடத்தைத்தான்.